டிவிக்குள் ஒரு குருத்தோலை

மகன்,

பழைய டிவி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை புதுசைக் கொண்டுவந்து பழசைத் தூக்கிக்கொண்டு போக வந்த கடைக்காரப் பெடியன்களை வாசலோடு திருப்பி அனுப்பியது நான்தான். மாடிப்படிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், அடுத்த கிழமை வரச் சொன்னேன் என்று போனில் உனக்குச் சொன்னேனே, அது பொய். நம்ம படிக்கட்டு பெயின்டைக் கடைசியாகக் கண்டது நீ தவழ்ந்த காலத்தில். இவ்வளவு பழைய டிவியை இனித் திருத்துவதில் என்ன பிரயோசனம் என்று நீ கேட்டாய். நியாயமான கேள்வி. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அதற்கு முதல், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி அந்த டிவியைக் கெடுத்தது யார் என்று நான் எழுத வேண்டும். நீ இல்லை. நீ அன்றைக்குச் சொன்னது உண்மை. கெடுத்தது நான்.

இதை வாசித்தவுடன் போனை எடுக்காதே. முழுவதையும் வாசி. கையால் எழுதி ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்துச் சரிந்தால் வயசு என்று நினை, பயம் என்று நினைத்தாலும் பிழையில்லை. நாளைக்கு ஞாயிறு. பூசையும் செபக் கூட்டமும் முடிந்ததும் அப்பா வெள்ளவத்தைக்கு வருகிறார், உன்னிடம். தனியாக. அவர் உன் கதவைத் தட்டுவதற்கு முதல் நீ இதை வாசித்து முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், மூன்று கிழமையில் நடக்கப்போகும் உன் கலியாணத்துக்கு அவர் அழைக்கப்பட்ட ஆளாக வருவாரே தவிர அப்பாவாக வரமாட்டார்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்தில் மணிக்கூட்டைக் கால் மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டு, முழுப் பள்ளிக்கூடத்தையும் வேளைக்கு வீட்டுக்கு அனுப்பியவள். பிடிபட்டபோது, "நேரம் போனதே தெரியேல்லை சிஸ்டர்" என்று சொல்லி மேலும் இரண்டு அடி வாங்கியவள். உன் பெரிய மாமா ஜிந்துப்பிட்டியில் ரேடியோ திருத்திய காலத்தில் அவருடைய மேசையடியில் குந்தியிருந்து, எந்த ஆணியைக் கழற்றினால் எது வாயை மூடும் என்று படித்து வைத்தேன். படிப்பில் அந்தப் பாடம் ஒன்றுதான் எனக்கு முழுசாக ஏறியது. கலியாணம் கட்டியபிறகு அந்தக் குணம் போகும் என்று எல்லாரும் நினைத்தார்கள். போகவில்லை, உன்னைப் பெற்றதும் அதற்குத் துணையாள் கிடைத்தான். அப்பாவின் கண்ணாடியை அவருடைய சப்பாத்துக்குள் ஒளிப்பது, ஏப்ரல் முதலாம் திகதி அவருடைய தேத்தண்ணியில் உப்புப் போடுவது, செய்தி தொடங்கும் நேரம் பார்த்து டிவி வயரை உருவிவிட்டுப் பக்கத்தில் அப்பாவியாக நிற்பது. யோசனை என்னுடையது, கை உன்னுடையது. ஏச்சு உனக்கு, சிரிப்பு எனக்கு. அப்பாவும் ஏசிவிட்டுச் சிரிப்பார். அதனால்தான் அது விளையாட்டாக இருந்தது.

உன் ஏ.எல். சோதனைக்கு மூன்று மாதம் இருந்தபோது கிரிக்கெட் தொடர் ஒன்று தொடங்கியது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் படித்துக்கொண்டிருந்தாய். ஏசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். பிறகு எனக்குப் பழக்கமான வழிக்குப் போனேன். நீ டியூஷனுக்குப் போன நேரம் டிவியின் முதுகைக் கழற்றி பியூஸை எடுத்தேன். விரல் நுனியளவு கண்ணாடிக் குழாய்தான். அது இல்லாவிட்டால் டிவி செத்த மாதிரிக் கிடக்கும். மாமாவிடம் பார்த்த ஞாபகம், பத்து நிமிஷ வேலை. அதை, செபம் சொல்லும் மேசையில் நிற்கும் அந்தோனியாரின் சுருவத்துக்குப் பின்னால் ஒளித்தேன். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவரிடமே ஒன்றைத் தொலைக்கக் கொடுத்தவள் கொட்டாஞ்சேனையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சோதனை முடியத் திருப்பிப் பூட்டி, "எப்படி என்ர வேலை" என்று உங்கள் இரண்டு பேரையும் சிரிக்க வைக்கலாம் என்பதுதான் என் திட்டம்.

ஆனால் அன்று பின்னேரம் அப்பா துறைமுக ஒபிசிலிருந்து இரண்டு சிநேகிதர்களை மாட்ச் பார்க்கக் கூட்டிக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியாது. பட்டிஸ் பொரித்துக்கொண்டிருக்கும்போதுதான் குரல் கேட்டது. டிவியைப் போட்டார், வரவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, நேரே உன்னைப் பார்த்தார். விளையாட்டை நிறுத்திவிட்டு வயரைக் குத்து என்றார். வயர் குத்தித்தான் இருந்தது. நீ இல்லை என்றாய். நான் குசினி வாசலில் தட்டோடு நின்றேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் அரை நிமிஷம் போகட்டும், பிறகு சொல்லுவோம் என்று நின்றேன். "சத்தியமா நானில்லை அப்பா" என்றாய். சிநேகிதர்களில் ஒருவர் பகிடியாக ஏதோ சொன்னார். அப்பா எழும்பி, "சத்தியத்தையும் விளையாட்டாக்கிட்டியாடா, பொய்யா" என்று கேட்டு உன்னைக் கன்னத்தில் அடித்தார். உன்னை அவர் அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

அந்த அரை நிமிஷம் அதோடு முடிந்தது. நான் வாயைத் திறந்தால், வந்தவர்களுக்கு முன்னால் அப்பா பிழையாகக் கை நீட்டியவர் ஆவார், நான் கள்ளி ஆவேன். தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். தேத்தண்ணி போடவா என்று கேட்டேன். நீ கன்னம் சிவந்து நிற்கும்போது உன் அம்மா வாயில் வந்தது அது. நீ என்னைப் பார்த்தாய். எனக்குத் தெரியும் என்று உனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்ததோ என்று பன்னிரண்டு வருடமாக யோசிக்கிறேன். கேட்கப் பயம்.

அதற்குப் பிறகு நீ கோபத்தில் படித்தாய். கதைக்காமல், சிரிக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு படித்தாய். மூன்று மாதமும் டிவி அப்படியே கிடந்தது. அதைத் திருத்த ஆளைக் கூட்டிவருவதாக அப்பா சொல்லும்போதெல்லாம், பிள்ளை படிக்கிறான், இப்போதைக்கு வேண்டாம் என்று மறித்தேன். நல்ல பெறுபேறு வந்ததும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் வேலை பலித்துவிட்டது என்று நினைத்தேன். நீ வாங்கிய அடியை விட்டுவிட்டு நீ வாங்கிய புள்ளியை மட்டும் எனக்கு எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த அற்புதத்தின் கதைக்கு வருகிறேன். கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு நீ சிநேகிதர்களோடு கடற்கரைக்குப் போன நாள் பியூஸைத் திருப்பிப் பூட்டப் பார்த்தேன். முதல் கழற்றும்போது அதைப் பிடித்திருக்கும் தகட்டை நான் வளைத்துவிட்டேன் போல, பியூஸ் ஆடியது. இறுக்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். கைக்கு எட்டியது சுருவத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலை. குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்ததுதான். ஒரு நறுக்கைக் கிழித்துத் தடிப்பாக மடித்து அடியில் செருகினேன். டிவி வேலை செய்தது. அந்த நேரம் அப்பா உள்ளே வந்தார். டிவியைப் பார்த்தார், முழங்காலில் நின்றார். அன்று செவ்வாய்க்கிழமை. இந்த வீட்டுக்குச் சமாதானம் வேண்டுமென்று அவர் அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்திருந்தார், அது பதின்மூன்றாவது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் புதன்கிழமை பூட்டியிருப்பேன்.

கோயிலில் நடந்த அடுத்த செபக் கூட்டத்தில் அவர் எழும்பி நின்று சாட்சியம் சொன்னார். முழுக் கதையும் சொன்னார். மகன் குழப்படியில் கெடுத்துவிட்டுப் பொய் சொன்னதையும், புனிதர் வந்து திருத்தியதையும். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன், வேர்வையை. வீட்டுக்கு வந்து உன்னிடம், "அந்தோனியார் உன்னை மன்னிச்சிட்டார் மகன், நானும் மன்னிச்சிட்டன்" என்றார். நீ எழும்பிப் போனாய். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்குவது அடியை விடக் கேவலம் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. மூன்றாம் மாதம் வெள்ளவத்தையில் அறை எடுத்தாய்.

அன்று தொடக்கம் நீயும் அவரும் என்னூடாகத்தான் கதைக்கிறீர்கள். ஒரே மேசையில் இருந்துகொண்டு, "அம்மா, அவருக்கு பிரஷர் குளிசை முடிஞ்சுதாமா" என்று நீ கேட்பாய். "அவனுக்குச் சொல்லு, இன்னும் நாலு கிடக்கு" என்று அவர் சொல்லுவார். எங்கள் வீட்டு ரிமோட் நான் என்று சிநேகிதிகளிடம் பகிடி விட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துச் சொல்லையும் கொஞ்சம் இனிப்பாக்கித்தான் கொடுத்தேன். அவர் சொல்லாத "பிள்ளை சுகமா" எத்தனையைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். நீ சொல்லாததும் அப்படித்தான். கலியாண அழைப்பிதழில் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு, "வந்தா வரட்டும்" என்று மட்டும் சொன்னாயே, அதை நான் அவருக்கு, "நீங்க வராம எப்பிடி எண்டு கேக்கிறான்" என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் அன்றைக்குக் கலியாணத்துக்குப் போடும் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

டிவி நின்றது போன சனிக்கு முதல் சனி. கருகிய மணம் ஒன்று வந்தது, பிறகு ஒன்றுமில்லை.  திறந்தால் ஓலை தெரியும். அதனால்தான் நீ புதுசு வாங்கித் தருகிறேன் என்றதும் அப்படித் துள்ளினேன். நான் புது டிவிக்கு ஆசைப்பட்டதாக நினைத்து நீ சந்தோஷப்பட்டாய். இல்லை மகன், சாட்சியை வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்தேன். பழசு கரண்ட் தின்னும் என்றேன். இடத்தை அடைக்கிறது என்றேன். இனி பார்ட்ஸ் எடுக்க முடியாது என்றேன். நீ சொன்னதாக நீ சொல்லாததையும் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் வாங்கித் தாறது உனக்கு. இது எனக்கு அந்தோனியார் திருத்தித் தந்தது" என்றார். காலண்டரில் குறித்திருந்த, டிவி திருத்துகிற முஸ்லிம் நானாவின் நம்பரை நான் தாளோடு கிழித்து எறிந்தேன். அப்பா புதன்கிழமை காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறக்கோட்டைக்கே நடந்து போய் நானாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நானா டிவியைத் திருப்பி வைத்து ஆணிகளைக் கழற்றினார். அப்பா போனின் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வேண்டுமென்றே தேத்தண்ணி கொண்டுவந்து இடையில் நீட்டினேன், பலகாரம் எடுக்கச் சொன்னேன், கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்டேன். நானா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு முதுகைத் தூக்கினார். தூசியை ஊதினார்.  பிறகு அப்பாவிடம், இதை இதற்கு முதல் யாராவது திறந்தார்களா என்று கேட்டார். ஒருத்தரும் தொடவில்லை, வாங்கின நாளிலிருந்து ஒருத்தரும் தொடவில்லை என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாக. நானா யாரையும் பார்க்காமல், "கழட்டத் தெரிஞ்ச கைதான். திருப்பிப் பூட்டத்தான் தெரியல்ல" என்றார்.

பிறகு குறட்டால் அதை வெளியே எடுத்தார். ஒரு பக்கம் கருகி, மற்றப் பக்கம் இன்னும் மஞ்சளாக. பியூஸ் ஆடி ஆடி அந்த இடத்தில் போர்டும் கருகியிருந்தது. வீடு பற்றாமல் இருந்ததே பெரிய விஷயம் என்று நானா சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. ஓலையை வாங்கிக் கண்ணில் ஒற்றினார்.  "பாத்தியா" என்று என்னைக் கூப்பிட்டார். "அந்தோனியார் அண்டைக்கே கையெழுத்து வச்சிட்டுத்தான் போயிருக்கிறார்."

மகன், எனக்குத் தப்ப வழி அங்கே திறந்துதான் கிடந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் சிலுவை அடையாளம் போட்டிருந்தால் போதும். இந்த ஞாயிறு செபக் கூட்டத்தில் இரண்டாவது சாட்சியம் நடந்திருக்கும், ஓலையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்டியிருப்பார், நீ சாகும்வரை பொய்யனாக இருந்திருப்பாய். நானா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அது நான் வச்சனான்."

அப்பா சிரித்தார். பகிடியை விடு, நானாவுக்கு முன்னால் வேண்டாம் என்றார். பகிடியில்லை என்றேன். இன்னும் சிரித்தார். சத்தியமாக நான் என்றேன். அந்தச் சொல் வாயை விட்டுப் போகும்போதுதான் உன் குரல் எனக்குக் கேட்டது. உண்மையைச் சொல்லிவிட்டு நம்பப்படாமல் நிற்பது என்ன என்று ஐம்பத்தெட்டு வயதில் அனுபவித்தேன். உனக்குப் பத்தொன்பது. சொல்லிப் பயனில்லை என்று விளங்கியதும் சுருவத்துக்குப் பின்னாலிருந்து இந்த வருடத்துக் குருத்தோலையை எடுத்தேன். ஒரு நறுக்குக் கிழித்தேன். எங்கள் வீட்டு ஓலைச் சிலுவை எல்லாம் நான்தான் மடிப்பது, கடைசி முடிச்சை இடப்பக்கமாக உள்ளே செருகுவது என் கைக்கு மட்டும் உள்ள பழக்கம். டிவிக்குள் வைக்க மடித்தபோதும் கை தன்பாட்டுக்கு அதைத்தான் செய்திருக்கிறது. அவருக்கு முன்னால் மடித்து, கருகினதற்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா இரண்டையும் லைட்டில் பார்த்தார்.  சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அப்ப அவன் அண்டைக்குச் சொன்னது உண்மை" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் ஓம் என்றேன்.   அப்பா நானாவிடம் மூடச் சொன்னார். நானா பாவம், தன் தொழிலை மட்டும் சொன்னார்: படக் குழாய் நல்லாக இருக்கிறது, புறக்கோட்டையில் இதே மாதிரி உடைத்த டிவியின் போர்ட் ஒன்று தன்னிடம் கிடக்கிறது, திங்கள் வரை வைத்திருப்பார், பிறகு கேட்ட வேறொருவருக்குப் போய்விடும். போட்டால் ஒரு வருடமும் ஓடலாம், ஐந்து வருடமும் ஓடலாம், உத்தரவாதம் இல்லை. "திருத்தலாம் அண்ணன். திருத்தணுமா எண்டது உங்கட விஷயம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அது ஆறிப்போயிருந்தது.

மூன்று நாளாக அப்பா என்னோடு கதைக்கவில்லை. ஏசவும் இல்லை. சமைத்ததைச் சாப்பிடுகிறார், தன் கோப்பையைத் தானே கழுவி வைக்கிறார், அந்தக் கோப்பைச் சத்தம்தான் எனக்கு ஏச்சு. சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தவும் இல்லை. அவரிடமிருந்து ஒரு அற்புதத்தையும் நான் எடுத்துவிட்டேன், அதுவும் தெரிகிறது. இன்று காலைதான் வாயைத் திறந்தார், நாளைக்கு உன்னிடம் வருவதாகச் சொன்னார். அவனுக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று நான் சொன்னேன். இனி அவருக்குத் தெரியாமல் ஒன்றும் செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன், சர்க்கரைப் போத்தலுக்குள் உப்பைக்கூடப் போடுவதில்லை. "எழுது" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "என்ர கையையும் எழுது" என்றார். அதனால்தான் மேலே அந்த அடியை மழுப்பாமல் எழுதினேன். அது அவர் கேட்டது.

இந்தக் கடிதத்தின் ஒரு கொப்பி செபக் கூட்டத்துக்கும் போகிறது. நாளை பூசைக்குப் பிறகு நானே எழும்பி வாசிப்பேன். நீ பொய்யன் என்று அப்பா சொன்னது அந்தக் கோயில் வாங்குகளில் குந்தியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது, நீ பொய்யனில்லை என்பதும் அதே வாங்குகளுக்குக் கேட்க வேண்டும். அப்பா முன் வாங்கில் இருப்பாராம்.  

கலியாணம் கட்டப்போகிறாய் என்பதால் ஒரு சொல் புத்திமதி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பிள்ளையோடு நல்லாகப் பகிடி விடு, உனக்கு அது என்னிடமிருந்து வந்த சொத்து. ஆனால் பகிடியில் யாருடைய முகமாவது மாறினால் அந்த இடத்திலேயே நான்தான் என்று சொல்லிவிடு. அரை நிமிஷம் பொறுக்காதே. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்னைப் போல ஒருத்தி நிற்க இடம் வைக்காதே, நானாகவே வந்தாலும்.

அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. உன் கதவடியில் நின்று டிவியைப் பற்றித்தான் தொடங்குவார். போர்ட், திங்கள், நானா, எல்லாம் சொல்லி, திருத்துவதா விடுவதா என்று கேட்பார். இவ்வளவு தூரம் இதைக் கேட்கவா வந்தீர்கள் என்று சொல்லிவிடாதே. லிப்டில் ஏற அவருக்குப் பயம், மூன்று மாடியும் நடந்துதான் வருவார். முதலில் கதிரையைப் போடு. பிறகு உனக்குச் சரியென்று பட்டதைச் சொல். தூக்கி எறியுங்கள் என்றாலும் சரி. அந்த டிவியில் முடிவெடுக்கும் உரிமை பன்னிரண்டு வருடமாக உன்னுடையது.

என்னை என்ன செய்வது என்று நீ பிறகு யோசி. கலியாணத்தில் எந்த வாங்கில் இருத்தினாலும் இருப்பேன், கடைசி வாங்கென்றாலும் வாய் திறக்கமாட்டேன். ஒன்று மட்டும். நாளைக்கு அவர் வந்து இருந்தபிறகு, குசினிக்குள் போய் எனக்குப் போன் எடுத்து, "அம்மா, அவர் என்ன சொல்லுறார்" என்று கேட்காதே. நான் எடுக்கமாட்டேன். அவர் முன் அறையில்தான் இருப்பார். போய் அவரிடமே கேள்.

அம்மா